மயக்கம் வரும் கர்ப்பிணிகளுக்குப் பரிசோதனை நாள் முதல் பிரசவ அறை வரை பாதுகாப்பு கோரும் மனு

அனுப்புநர்:
கிராம சுகாதாரச் செவிலியர்கள் சங்கம், மாவட்டக் கிளை

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்
மாவட்ட சுகாதார அலுவலர் அவர்கள்
இணை இயக்குநர் (நலப்பணிகள்) அவர்கள்

பொருள்: கர்ப்ப காலத்திலும் பிரசவத்தின்போதும் மயங்கி விழும் தாய்மார்களைக் கவனிக்க எழுத்துபூர்வ நடைமுறை வகுத்து ஆணையிட வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

செவ்வாய்க்கிழமைதோறும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நடக்கும் கர்ப்பிணிப் பரிசோதனையில் எடை, இரத்த அழுத்தம், ஹீமோகுளோபின், சிறுநீர், குழந்தையின் இதயத்துடிப்பு எல்லாம் பார்த்து எழுதுகிறோம். "இடையில் எங்காவது மயக்கம் போட்டு விழுந்தாயாம்மா?" என்று கேட்டு எழுதும் வழக்கம் மட்டும் இல்லை. அந்தப் பெண்ணே சொன்னாலும், "பிள்ளைத்தாச்சிக்குத் தலை சுற்றத்தானே செய்யும்" என்று கூட வந்தவர்கள் முடித்துவிடுகிறார்கள். கதாநாயகி மயங்கி விழுந்தால் நாடி பிடித்து நல்ல சேதி சொல்லும் சினிமாவைப் பார்த்து வளர்ந்த ஊர்.

மயக்கம் பெரும்பாலும் ஆபத்தில்லாததுதான். கர்ப்பத்தில் இரத்த நாளங்கள் தளர்ந்து அழுத்தம் இறங்குகிறது. நெடுநேரம் நின்றாலும், ஊசியைப் பார்த்தாலும், வெயிலில் வெறும் வயிற்றோடு காத்திருந்தாலும் சிலருக்குக் கண் இருட்டிக்கொண்டு வரும். 20 வாரத்துக்குப் பிறகு மல்லாந்து படுத்தால், இதயத்துக்கு இரத்தம் திரும்பும் பெருஞ்சிரையைக் கருப்பை அழுத்துவதால் படுத்தபடியே மயக்கம் வரலாம். ஆனால் கடும் இரத்தசோகை, இதய வால்வுச் சுருக்கம், துடிப்புக் கோளாறு, நுரையீரலில் இரத்தக்கட்டி, கருக்குழாயில் தங்கிய கரு வெடிப்பது ஆகியவையும் மயக்கமாகவே தலைகாட்டக்கூடும். தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இரத்தசோகை என்கிறது 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வு. எந்த மயக்கத்தை வீட்டில் வைத்துப் பார்க்கலாம், எதை அன்றே மேல்மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும் என்று பிரித்தறிய எங்கள் கையில் ஒரு தாள் வேண்டும்.

எங்கள் உறுப்பினர் ஒருவர் உடனிருந்து பார்த்தது இது. பள்ளியில் படித்த காலத்திலிருந்தே ஊசி போட்டால் மயங்கும் ஒரு பெண், எட்டாம் மாதம் ஸ்கேன் கட்டிலில் மல்லாந்து படுத்திருந்தார். நெற்றி வியர்த்தது, உதடு வெளுத்தது. "எனக்கு என்னமோ பண்ணுது" என்றார். "ரெண்டு நிமிஷம் அசையாம படும்மா" என்று பதில் வந்தது. செவிலியர் போய் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்ததும் முகம் தெளிந்தது. இவ்வளவு தெரிந்தும், பிரசவத்துக்குப் போன இடத்துக்கு அந்தத் தகவல் போய்ச் சேரவில்லை. குழந்தை பிறந்த பிறகு தனியே எழுந்து கழிவறைக்குப் போனவர், வாசற்படியிலேயே விழுந்து தலையில் காயம் பட்டுக்கொண்டார்.

ஆகவே எங்கள் முதல் கோரிக்கை, பதிவு. தாய் சேய் நல அட்டையிலும், கர்ப்பிணிகளுக்கான பிக்மி இணையப் பதிவிலும் மயக்கம் குறித்த விவரம் கட்டாயமாக்கப்பட வேண்டும்: எப்போது, நின்றபோதா படுத்தபோதா வேலை செய்தபோதா, கர்ப்பத்துக்கு முன்பும் வந்ததுண்டா, குடும்பத்தில் இளவயதில் திடீரென இறந்தவர் உண்டா. மயங்கியவருக்குப் படுக்கையிலும், எழுந்து நின்ற 1, 3 நிமிடங்களிலும் இரத்த அழுத்தமும் நாடியும் பார்க்க வேண்டும். ஹீமோகுளோபின், சர்க்கரை, இசிஜி அன்றே எடுக்க வேண்டும். நெஞ்சுவலி, படபடப்பு, மூச்சுத்திணறலோடு வந்த மயக்கமோ, வேலை செய்யும்போதே வந்த மயக்கமோ என்றால் எக்கோ பரிசோதனைக்குத் தாமதமின்றி அனுப்ப வேண்டும். தொடக்க மாதங்களில் வயிற்றுவலியோடு மயங்கினால் 108-ஐ அழைப்பதைத் தவிர வேறு யோசனையே கூடாது.

மயக்கத்தில் கைகால் சில நொடி வெட்டி இழுப்பது உண்டு. அதை வலிப்பு என்று எண்ணி மருந்து ஏற்றுவதும் தவறு. உண்மையான பேறுகால வலிப்பை வெறும் மயக்கம் என்று விடுவது அதைவிடப் பெரிய தவறு. இரண்டையும் பிரித்தறியப் பயிற்சி தேவை.

பரிசோதனை நாளிலேயே பலர் விழுகிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். 75 கிராம் குளுக்கோஸ் குடித்து 2 மணி நேரம் கழித்துப் பார்க்கும் சர்க்கரைப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றோடு வரத் தேவையில்லை. அது தெரியாமல் காலையில் ஒரு வாய் காபிகூடக் குடிக்காமல் வந்து வரிசையில் நிற்கிறார்கள். நாற்காலியும் குடிநீரும், படுக்க வைத்து இரத்தம் எடுக்க ஒரு கட்டிலும் போதும். இதற்குப் பெரிய நிதி ஒதுக்கீடு வேண்டியதில்லை.

பிரசவ அறைக்கான ஆணை தனியாகவே வேண்டும். மயக்கம் வரும் தாயை மல்லாத்திப் போடாமல் இடப்பக்கம் சாய்த்தே வைக்க வேண்டும். தண்ணீர் குடிக்க விட வேண்டும், இயலாவிட்டால் டிரிப் ஏற்ற வேண்டும். மூச்சைப் பிடித்து நெடுநேரம் முக்கச் சொல்லி அதட்டக் கூடாது. ஆக்சிடோசினைச் சிரையில் ஒரே தள்ளாகச் செலுத்தினால் அழுத்தம் சரியும் என்பதால் அதைத் தடுக்க வேண்டும். முதுகுத்தண்டில் மயக்க ஊசி போடும் மருத்துவருக்கு முன்கூட்டியே தகவல் தர வேண்டும். பிரசவத்துக்குப் பின் முதல்முறை எழும்போது கட்டில் விளிம்பில் சற்று உட்கார வைத்து, இருவர் தாங்கியே நடத்த வேண்டும். உடனிருக்கும் பெண் துணையை இதற்காகவேனும் வெளியே அனுப்பாதீர்கள். சாதாரண மயக்கம் மட்டுமே சிசேரியனுக்குக் காரணமாகாது என்பதையும் ஆணையில் சேர்க்க வேண்டும். "மயக்கம் வர்ற கேஸ், நமக்கெதுக்கு வம்பு" என்று மேலே தள்ளிவிடும் போக்கு நிற்க வேண்டும்.

இன்னொன்று தொழிலாளர் துறையின் பார்வைக்கு. கடைகளில் பணிபுரிவோர் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்தது. எங்களிடம் வரும் ஜவுளிக்கடைக் கர்ப்பிணிகள் சிலர் இன்னும் நாள் முழுதும் நின்றே வேலை பார்ப்பதாகச் சொல்கிறார்கள். ஆய்வு நடத்தி நடவடிக்கை எடுக்க வேண்டுகிறோம்.

மேற்கண்டவற்றில் பதிவும் பிரசவ அறை ஆணையும் சுற்றறிக்கை அளவிலேயே முடியக்கூடியவை. அவற்றை உடனடியாகப் பிறப்பித்து, மற்றவை குறித்துப் பேச எங்கள் சங்கத்தை அழைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்

நகல்: தொழிலாளர் உதவி ஆணையர் அவர்கள்