வாத்தியாருக்கு மார்க் போடுவது யார்?

மாணவனுக்கு மார்க் போடுகிறார் ஆசிரியர். ஆசிரியருக்கு மார்க் போட மாணவனை விடலாமா? அதுவும் டாக்டர் படிப்பில்?

"சிரிக்கச் சிரிக்கப் பேசுகிறவருக்கு 100 போடுவார்கள். கண்டிப்பானவருக்கு முட்டைதான்!" என்கிறார்கள் ஆசிரியர்கள்.

இந்தப் பயம் வீண் அல்ல. அமெரிக்காவில் நடந்த வேடிக்கையைக் கேளுங்கள். ஒரு நடிகரை 'டாக்டர் பாக்ஸ்' என்று பெயர் சூட்டி மேடை ஏற்றினார்கள். பேசவேண்டிய விஷயம் அவருக்குத் தெரியாது. முன்னுக்குப்பின் முரணாகப் பேசினார். நடுநடுவே நகைச்சுவை. கேட்டவர்களோ மனநல டாக்டர்களும் கல்வியாளர்களும்! கருத்துக் கேட்டபோது பெரும்பாலோர் பாராட்டினார்கள். அவர் எழுதியவற்றைப் படித்திருப்பதாக ஒருவர் எழுதியே கொடுத்துவிட்டார்! 1973-ல் மருத்துவக் கல்விப் பத்திரிகை ஒன்றில் இந்தச் சோதனை வெளியாயிற்று.

அதற்காக மாணவன் வாயை அடைக்கலாமா? கூடாது.

தர்மபுரியில் அரசு மருத்துவக் கல்லூரி 2008-ல் தொடங்கியது. இந்த மாவட்டத்தில் பல ஊர்களின் நிலத்தடி நீரில் புளோரைடு அதிகம். பல்லில் கறை, எலும்பில் நோவு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததற்கு இதுவும் ஒரு காரணம். இத்தகைய நோயைப் புத்தகத்தில் மட்டும் படித்தால் போதுமா? நோயாளியின் கட்டில் அருகே நின்று பார்க்க வேண்டாமா?

எந்தக் கல்லூரியானாலும் கட்டிலைச் சுற்றிக் கூட்டம் நிற்கும். பின்னால் நிற்பவனுக்கு முன்னால் நிற்பவன் முதுகுதான் தெரியும்! நாளை பென்னாகரத்திலோ அரூரிலோ நோயாளி வந்து உட்காரும்போது அந்த மாணவன் என்ன செய்வான்? இந்தக் குறை ஆசிரியர் கண்ணில் படாது. பின்னால் நின்றவன்தான் சொல்ல வேண்டும்.

எனவே, "ஆசிரியர் கெட்டிக்காரரா?" என்று மாணவனிடம் கேட்க வேண்டாம். "அவர் சொன்னது காதில் விழுந்ததா? நோயாளியை நீ தொட்டுப் பார்த்தாயா? தவறினால் திருத்தினாரா?" என்று கேட்கட்டும். பாடம் சரியா என்பதை, வகுப்பில் வந்து உட்கார்ந்து இன்னொரு ஆசிரியர் சொல்லட்டும்.

தாளில் பெயர் எழுதச் சொல்லக் கூடாது. செய்முறைத் தேர்வில் மார்க் போடுகிறவர் அதே ஆசிரியர் ஆயிற்றே! எந்தப் பிள்ளை உண்மையை எழுதும்?

"எழுதிக் கொடுத்தால் பீரோவுக்குள் போய்விடும்" என்பது மாணவர்களின் குறை. நியாயந்தான். ஆண்டுக் கடைசியில் கேட்டால், கேட்கப்பட்டவனுக்கு லாபம் இல்லை. பாதியிலே கேட்கட்டும். பின்னால் நிற்பவன் அடுத்த வாரமே கட்டில் அருகே வந்துவிடலாம்.