அளிக்கும் கை ஓய்ந்தால்

தொண்டு ஸ்தாபனங்களுக்கு இது சோதனைக் காலம். அமெரிக்கா 2025 ஜனவரியில் வெளிநாட்டு உதவிகளை நிறுத்திவைத்தது. அதே ஆண்டு ஜூலை மாதத்துடன் யு.எஸ்.எயிட் தனி நிறுவனமாக இயங்குவதும் முடிவுற்றது. நோர்வே 2023 இல் தன் கொழும்புத் தூதரகத்தை மூடியது. பணம் குறைய, அதைக் கேட்போர் தொகையோ பெருகியுள்ளது. கைத்தொலைபேசி வழியே நேரே நிதி திரட்டுவோரும் இன்று போட்டியில் உளர்.

நோர்வே என்றதும் குருநகரின் வரலாறொன்று எம் நினைவுக்கு வருகின்றது. குருநகரைச் சேர்ந்த அன்ரனி இராசேந்திரம் 1956 இல் அந்நாட்டை அடைந்து, அங்குள்ள மீன்பிடித் தொழிலை அறிந்தார். அந்நாட்டு மதுவிலக்கு இயக்கத்தினர் ‘மாலு-மீன்’ என்னும் பெயரில் நிதி திரட்டினர். முன்னது சிங்களச் சொல், பின்னது தமிழ்ச் சொல், பொருள் ஒன்றே. அவ்வுதவியுடன் 1967 இல் ‘சீநோர்’ தோன்றியது. காரைநகரில் படகுத் தளமும் குருநகரில் வலைத் தொழிற்சாலையும் எழுந்தன.

வந்த பணம் பங்கிட்டு உண்ணப்படவில்லை. தொழிலாக மாறியது என்பதே இங்கு கவனிக்கத் தக்கது. பின்னர் சீநோர் அரசின் வசமாயிற்று. காரைநகர்த் தளம் போரில் முடங்கியது. குருநகரிலோ போருக்குப் பின்னரும் வலை உற்பத்தி நடைபெற்றது. கொடுத்தவர் அகன்றாலும் வலைக்கு வேண்டுவோர் இருந்தனர். வங்காளதேசத்தில் 1972 இல் தோன்றிய ‘பிராக்’ ஸ்தாபனமும், 1978 இல் ‘ஆரோங்’ கைப்பணி விற்பனை நிலையத்தைத் தொடங்கி இவ்வழியே சென்றது.

ஆயினும், எல்லாத் தொண்டும் வியாபாரமாகிவிடுமா? நிலத்தில் புதைந்த கண்ணிவெடியை அகற்றுதலும், போரில் அங்கம் இழந்தோரைப் பேணுதலும் விலைப்படும் சரக்குகள் அல்ல. ஈட்டக்கூடியதை ஈட்டி, ஈட்டமுடியாத பணியைத் தாங்குவதே முறை. எஞ்சியதை அரசும் ஊராரும் சுமத்தல் வேண்டும்.

புலம்பெயர்ந்த உறவினர் அனுப்பும் பணம் உண்டே என்பர் சிலர். அதுவும் கடல் கடந்து வருவதே. அடுத்த தலைமுறைக்கு ஊர்ப் பாசம் இதே அளவில் இருக்கும் என்பதற்கு உறுதி யாது?

ஆதலால் சங்கங்களின் ஆண்டறிக்கை கைக்கு வரும்போது, எமது குடும்பத்தினரும் மாணவரும் ஒரு கணக்கையேனும் பார்த்தல் நன்று: வரவில் எத்தனை பங்கு ஊருக்குள்ளிருந்து வந்தது? அது சிறிதாயின், குறை சங்கத்தினுடையது மட்டுமன்று. சந்தா செலுத்தாத எம்முடையதுமாகும்.