கிறிஸ்டினா அரசியும் காதற் படமும்

மணிமுடியினும் காதலே பெரிதென்று காட்டும் கதைகள் உலகிற் பல. அவற்றுள் ஒன்றாகிய 'குவீன் கிறிஸ்டினா' என்னும் பேசும்படம் 1933-ஆம் ஆண்டில் ஹாலிவுட்டில் எடுக்கப்பெற்றது. அதனைச் சென்ற பருவத்தில் விடுதி நண்பர் சிலரோடு கண்டோம். படம் முடிந்து விளக்கேற்றிய பின்னரும் சிறிது நேரம் எவரும் எழுந்திலர். அத்துணை அழகிய படம் அது. ஆயினும் அதன்மேல் நமக்கு வழக்கொன்று உண்டு. அதனை ஈண்டு உரைக்கத் துணிகின்றோம்.

கதை இது: சுவீடன் நாட்டின் கன்னி அரசி ஆணுடை தரித்துக் குதிரையேறிச் செல்கையில், பனியால் வழி அடைபட்டு ஒரு சத்திரத்தில் தங்குகின்றாள். ஸ்பெயின் மன்னனின் தூதனாகிய அந்தோனியோவும் அங்கே வந்து சேர்கின்றான். இடமின்மையால் இருவரும் ஒரே அறையிற் தங்க நேர்கின்றது, காதல் விளைகின்றது. அவன் வந்ததோ, தன் மன்னனுக்கு அவளை மணம் பேச! குடிகள் வெகுள்கின்றனர். அரசி முடிதுறந்து காதலனை நாடிச் செல்கின்றாள். அவனோ வாட்போரிற் புண்பட்டு உயிர் விடுகின்றான்.

அரசியாக நடித்த கிரெட்டா கார்போ ஸ்டாக்ஹோம் நகரிற் பிறந்தவர். தம் நாட்டு அரசியாகவே நடிக்கும் பேறு பெற்றார். சத்திரத்து அறையை விட்டுப் பிரியுமுன், அங்குள்ள பொருள்களை ஒவ்வொன்றாய் மெல்லத் தொட்டு நினைவிற் பதித்துக்கொள்ளும் காட்சியை நாம் மறத்தற்கில்லை. இயக்குநர் ரூபன் மமூலியன் தாளத்தை அளந்து ஒலிக்கும் கருவியொன்றை வைத்து, அதற்கிசைய அதனை நடிப்பித்தார். பேச்சின்றி நிகழும் அச்சில நிமிடங்களைப் பழிப்பவர் கலையறியாதவரே.

மறுநாள் நூலகத்திற் சரித்திரத்தைப் புரட்டியபோதுதான், சிந்திய கண்ணீரைக் குறித்து நமக்கு நாணம் உண்டாயிற்று.

கிறிஸ்டினா 1626-இற் பிறந்தவர். அவர் தந்தை கஸ்தாவஸ் அடால்பஸ் லூத்தர் வழிச் சபையாரின் காவலராய்ப் போர் புரிந்து, 1632-இல் லூட்சன் களத்தில் மாண்டார். மகள் ஆறு வயது நிரம்புமுன் அரசியானார். அத்தகைய தந்தையின் மகள் உரோமைச் சபையின் விசுவாசத்தை உள்ளத்தே ஏற்றார். அந்நாட்டுச் சட்டமோ அச்சபையார் அரியணை அமர இடங்கொடாது. மணஞ்செய்யவும் அவர் இசைந்திலர். 1654 ஜூனில் உப்சாலாவில் முடிதுறந்தார். 1655 நவம்பரில் இன்ஸ்புருக் நகரில் தம் விசுவாசத்தை வெளிப்பட அறிக்கையிட்டார். டிசம்பரில் உரோமை புகுந்தார். 1689-இல் அங்கேயே இறந்து, பேதுரு பேராலயத்தில் அடக்கம் பெற்றார். பிமென்டெல் என்னும் ஸ்பானியத் தூதர் 1652-இற் சுவீடனுக்கு வந்தது மெய். அவர் பொருட்டு முடி துறக்கப்பட்டதென்பது பொய்; அவர் வாளுக்கு இரையானதும் பொய்.

"காதற் படத்திற் சரித்திரம் தேடுவது மணலைக் கயிறாய்த் திரிப்பதாகும்" என்று நண்பர் ஒருவர் நகைத்தார். கதை புனைவோர்க்கு உரிமையுண்டென்பதை நாமும் மறுக்கிலோம். தூதன் அழகனாகட்டும், சத்திரத்திற் பனி பெய்யட்டும், தடையில்லை. ஆயின், புறப்பொருளாய் நிகழ்ந்த ஒரு வாழ்வை முற்றும் அகப்பொருளாக மாற்றியதே நம் குறை. ஆடவன் ஒருவன் மனச்சான்றின் பொருட்டு நாட்டைத் துறப்பின், அவ்வாறே துறந்தானென்று உலகம் நம்பும். பெண் ஒருத்தி துறப்பின், "யார் பொருட்டு?" என்றே வினவும். அவ்வினாவுக்கு விடையாகத்தான் அந்தோனியோ படைக்கப்பட்டான் போலும்! பிரெஞ்சு ஞானி டெக்கார்ட்டை 1649-இல் ஸ்டாக்ஹோமுக்கு வருவித்து, கடுங்குளிரில் விடியற்காலை ஐந்து மணிக்குத் தத்துவம் கேட்டவர் இவ்வரசி. (பாவம், வைகறைத் துயில் விரும்பிய அந்த ஞானி 1650 பிப்ரவரியில் அந்நகரிலேயே காய்ச்சலால் இறந்தார்.) அத்தகையவர் தாமே ஆராய்ந்து ஒரு முடிவுக்கு வந்தாரென்று காட்டினால், காண்போர் சலித்திருப்பரோ?

அவர் தழுவிய கொள்கை, சீர்திருத்தச் சபையில் வளர்ந்த நமக்கு உடன்பாடன்று. அவர் நம் பக்கம் நில்லாமற் போனாரென்பதற்காக, அவர் நின்ற இடத்தை மறைத்தல் முறையாகுமோ? நூல் கற்பதில் அவருக்கிருந்த ஆர்வத்தையும், முப்பதாண்டுப் போரை முடிக்க விரும்பியதையும் படத்தின் முற்பகுதி காட்டுகின்றது; அதற்கு நன்றி. சத்திரத்தின் கதவு திறந்தபின் இவையெல்லாம் எங்கோ மறைந்துபோயின.

கடைக்காட்சியில், காதலனின் உடலைத் தாங்கிய கப்பலின் முகப்பில் அசைவற்று நிற்கும் கார்போவின் முகத்தை நோக்கிப் படக்கருவி மெல்ல மெல்ல நெருங்குகின்றது. எதனையும் நினையாது முகத்தை வெறுந்தாள்போல் வைத்திருக்குமாறு மமூலியன் பணித்தனர். அவ்வெறுந்தாளில் முன்னர்க் காதலனை இழந்த துயரை நாமே எழுதி நாமே வாசித்தோம். சரித்திரங் கற்றபின் படத்தை மற்றொருமுறை கண்டோம். அம்முறை கண்ணீர் வரவில்லை. அவர் உரோமைக்குப் போகின்றார் என்றே தோன்றிற்று.