மருந்தடிக்கும் முன் உற்றுப் பாருங்கள்

செம்பருத்தியில் வெள்ளையாக எதைக் கண்டாலும் மாவுப்பூச்சி என்று தீர்ப்பெழுதி மருந்தடிக்கிறோமே, இது என்ன நியாயம்? அந்தக் கூட்டத்துக்குள்ளேயே அதைத் தின்னும் பொறிவண்டின் புழுவும் இருக்கலாம். உடம்பெல்லாம் வெள்ளை மெழுகு இழைகளோடு அதுவும் மாவுப்பூச்சி மாதிரியேதான் இருக்கும். கிரிப்டோலேமஸ் என்ற இந்த வண்டை, காப்பித் தோட்டத்துச் செதில்பூச்சிகளை ஒழிக்க 1898-லேயே ஆஸ்திரேலியாவிலிருந்து இந்தியாவுக்கு வரவழைத்தார்கள். இன்றும் ஆய்வுக்கூடங்களில் வளர்த்து விவசாயிகளுக்குக் கொடுக்கிறார்கள். நாமோ வீடு தேடி வந்த காவல்காரனையே கொல்கிறோம்!

நான் மருந்துக்கு எதிரி அல்ல. பார்க்காமல் அடிப்பதற்குத்தான் எதிரி. பூதக்கண்ணாடியை எடுத்து ஐந்து நிமிடம் பாருங்கள். மாவுப்பூச்சி சாறு உறிஞ்சியபடி ஒட்டிக்கிடக்கும். புழுவுக்கு இழைகள் நீளம். இரை தேடி விறுவிறுவென்று ஓடும். ஓடுவதை விட்டுவிடுங்கள். கடைக்காரர் செடியைப் பார்க்காமலே புட்டியை நீட்டுவார். பார்க்க வேண்டியவர்கள் நாம்தான். ஓய்வுபெற்ற நமக்கா நேரமில்லை?