விமானியும் யந்திரமும்

திருவாலங்காட்டுக்கு அண்மையில், அரக்கோணத்தில், 'ராஜாளி' கடற்படை விமானத்தளம் 1992-ல் ஆரம்பிக்கப்பட்டது. அங்கிருந்து கிளம்பும் விமானங்களைக் காணும் நம் ஜனங்கள் விமானியின் திறமையை வியக்கின்றனர். ஆனால் இன்றைய பெரிய விமானங்களில் ஓட்டும் வேலையில் பெரும்பகுதியை யந்திரமே செய்கிறது. அதற்குக் கட்டளையிட்டுக் கண்காணிப்பதே விமானியின் கடமை. தான் செய்வது இன்னதென்று அந்த யந்திரம் அவருக்குத் தெளிவாக உணர்த்தாவிடில் நேருவது என்ன?

1990 பிப்ரவரி 14-ந் தேதி பெங்களூரில் நிகழ்ந்த கோர விபத்தை நாடு மறக்கலாகாது. பம்பாயிலிருந்து 146 பேருடன் வந்த இந்தியன் ஏர்லைன்ஸின் ஏர்பஸ் ஏ-320 விமானம் ஓடுபாதையை எட்டுமுன் தரையில் மோதிற்று. 92 பேர் மாண்டனர். இறங்கும் வேகத்தைக் குறிக்கும் குமிழுக்குப் பதிலாக, அருகிலிருந்த உயரத்தைக் குறிக்கும் குமிழ் திருப்பப்பட்டிருக்கலாம் என்று விசாரணையில் கருதப்பட்டது. எஞ்சின்கள் விசை குன்றியே இருந்தன, விமானம் வேகமிழந்தது. விமானிகள் உணர்ந்தபோது காலம் கடந்துவிட்டது.

அவர்கள் கவனித்திருக்க வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும், 1992 ஜனவரியில் பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் அருகே அதே ரக விமானம் மலையில் மோதி 87 பேர் மடிந்தனர். 3.3 பாகைச் சரிவைக் கோரிய விமானிகளுக்கு, நிமிஷத்துக்கு 3,300 அடி இறக்கத்தை யந்திரம் அளித்திருக்கலாம் என்பது விசாரணையாளரின் கருத்து. இரண்டுக்கும் பலகையில் ஏறக்குறைய ஒரே எண்தான் தெரிந்தது! பின்னரே அது மாற்றப்பட்டது. போயிங் 737 மாக்ஸிலோ, மூக்கைத் தானே கீழிறக்கும் ஓர் ஏற்பாடு இருப்பதையே விமானிகளின் கைப்புத்தகம் சொல்லவில்லை. 2018, 2019-ம் வருஷங்களில் இரு விபத்துக்களில் 346 உயிர்கள் பலியாயின.

யந்திரம் செய்யும் காரியங்களைப் பெருக்குவது மட்டும் சௌகரியமாகாது. வெவ்வேறு காரியத்துக்கான குமிழ்கள் கைக்கே வேறாகப் புலப்பட வேண்டும். யந்திரம் மேற்கொண்டுள்ள வேலை பார்த்தவுடன் விளங்க வேண்டும். விமானி விரும்பிய கணத்தில் கட்டுப்பாடு அவர் கைக்குத் திரும்ப வேண்டும்.

2001-ல் முதன்முதலாகப் பறந்த தேஜஸ் முதல் நாமும் நவீன விமானங்களை உருவாக்கி வருகிறோம். மிகச் சிறந்த விமானி தெளிந்த பகலில் சோதித்தால் மட்டும் போதாது. களைத்த சாதாரண விமானி இரவு மழையில் தடுமாறாமல் கையாளக்கூடியதா என்பதே பரீட்சை. அதைச் செய்யாமல், விபத்துக்குப் பின் 'விமானியின் பிழை' என்றெழுதி ஏட்டை மூடுவது நியாயமுமாகாது, அடுத்த விபத்தைத் தடுக்கவும் உதவாது.