ஏட்டுக்குக் காவலர் யார்?

கிராமத்துக் கர்ணத்தை நம் தலைமுறை கண்டதில்லை. ஆனால் அவரைப் பற்றிப் பேசும்போது வீட்டுப் பெரியவர்கள் குரலைத் தாழ்த்துவதைக் கேட்டிருக்கிறோம். நிலம் உழுதவனுடையதாக இருக்கலாம். கிரயம் கொடுத்தவனுடையதாகவும் இருக்கலாம். ஆனால் அது யாருடையது என்று எழுதும் எழுதுகோல் கர்ணத்தின் கையில் அன்றோ இருந்தது! தமிழ்நாட்டில் 1980-இல் அந்தப் பதவி ஒழிந்தது. நாம் வந்து வாழும் இந்தக் கன்னட நாட்டில் அவருக்கு ஷானுபோகர் என்று பெயர். பரம்பரைக் கிராமப் பதவிகளை 1961-ஆம் ஆண்டுச் சட்டம் இங்கே முடித்துவைத்தது. ஆள் மாறினார், ஏடு மாறவில்லை. பின்னால் வந்த கிராமக் கணக்கரின் கையிலும் அதே ஏடுதான், அதே எழுதுகோல்தான்.

ஏட்டையே மாற்றிய பெருமை கர்நாடகத்தின் 'பூமி' திட்டத்துக்கு உண்டு. சுமார் 9,000 கிராமக் கணக்கர்களிடம் சிதறிக் கிடந்த ஏறத்தாழ 2 கோடி நிலப் பதிவுகள், 67 லட்சம் உடைமையாளர்களின் பெயர்களோடு, 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தாலுகா அலுவலகக் கணிப்பொறிகளில் ஏறின. ஏறியபின் கையால் எழுதிய பஹணி செல்லாது என்று அறிவித்தார்கள். 15 ரூபாய் கட்டினால் சான்று கிடைத்தது. உழவர் பக்கமாகத் திருப்பி வைத்த இரண்டாவது திரையில் தம் நிலத்தின் விவரத்தை அவரே பார்க்க முடிந்தது. பெயர் மாற்ற விண்ணப்பம் வந்த வரிசையில்தான் எடுத்துக்கொள்ளப்படும். மாற்றும் அலுவலர் விரல்ரேகை வைத்துத்தான் உள்ளே நுழைய வேண்டும். நம் ஊர்ப் பட்டா, சிட்டா, அடங்கலும் பின்னர் இவ்வழியே கணிப்பொறிக்கு வந்தன.

"இனி என்ன குறை? கணிப்பொறி பொய் சொல்லுமா?" என்பார் உளர். கணிப்பொறி பொய் சொல்லாது. சொன்னதைச் சொல்லும். சொல்லிக் கொடுப்பவர் யார் என்பதல்லவா கேள்வி?

இத்தகைய ஏடுகளுக்கு அடிப்படையான கருத்தை 1970-இல் ஐ.பி.எம். நிறுவனத்து எட்கர் காட் வகுத்தார். செய்திகளை அட்டவணைகளாகப் பிரி. உடைமையாளர் ஓர் அட்டவணையில், சர்வே எண் இன்னோர் அட்டவணையில். இரண்டையும் ஒரு திறவு எண்ணால் இணை. ஒரே செய்தியை இரண்டு இடத்தில் எழுதாதே. ஐந்து இடத்தில் எழுதிய பெயர் ஐந்து விதமாகத் திரியும் என்பதை நம் ரேஷன் அட்டைகளைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

காட் தந்தது ஏட்டின் வடிவம். அதைக் காப்பது வேறு கலை. அண்ணனும் தம்பியும் 4 ஏக்கரைப் பிரித்துக்கொள்கிறார்கள். அண்ணன் பெயரில் 2 ஏக்கர் கழிய வேண்டும். தம்பி பெயரில் 2 ஏக்கர் ஏற வேண்டும். கழித்தாயிற்று, ஏற்றுமுன் மின்சாரம் போயிற்று. அந்த 2 ஏக்கர் இப்போது யாருடையது? இரண்டும் நடக்க வேண்டும், அல்லது இரண்டும் நடக்கக் கூடாது. இதற்குச் சிறந்ததொரு வழியை வகுத்தவர்களுள் முதன்மையானவர் நம் சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்ற சி. மோகன். ஐ.பி.எம். ஆய்வுக்கூடத்தில் தோழர்களுடன் அவர் உருவாக்கி 1992-இல் வெளியிட்ட முறைக்கு 'ஏரீஸ்' என்று பெயர். எந்த மாற்றத்தையும் முதலில் நாள்வழியில் எழுது. பிறகே பேரேட்டில் ஏற்று. நம் வணிகர்கள் கடைப்பிடித்த ஒழுங்கு இது! சர்வர் விழுந்து எழும்போது நாள்வழியைப் படித்து நடந்தவற்றை மறுபடி நடத்துகிறது. பின்பு முடியாமல் நின்றதை மட்டும் திருப்பிவிடுகிறது. அண்ணனின் 4 ஏக்கர் அண்ணனிடமே இருக்கும். தம்பி மறுநாள் வந்து எழுதிக்கொள்ளலாம்.

மின்தடைக்கு மருந்து உண்டு. மனிதனுக்கு? தரவுத்தள சர்வர் ஒவ்வொன்றிலும் எல்லாம் வல்ல ஒரு பயனர் இருக்கிறார். மைசீக்வெலில் 'ரூட்', போஸ்ட்கிரஸில் 'போஸ்ட்கிரஸ்' என்று பெயர். தாசில்தாருக்கு விரல்ரேகை கேட்பது முன்வாசல். இவரோ கொல்லைப்புறமாக அட்டவணைக்கே போய் ஒரு வரியைத் திருத்தலாம். விரல்ரேகை கேட்க அங்கே ஆளில்லை. நாள்வழியும் அதே இயந்திரத்தில் இருந்தால் அதையும் துடைத்துவிடலாம். வேலியே பயிரை மேய்ந்தால் யாரிடம் முறையிடுவது? ஆகவே யார் எதைத் தொட்டார் என்னும் குறிப்பு, நிர்வாகியின் கை எட்டாத வேறோர் இயந்திரத்தில், வேறொருவர் பொறுப்பில் இருக்க வேண்டும் என்பது என் துணிபு. இது நிர்வாகியை அவமதிப்பதன்று. பெட்டகத்துக்கு இரண்டு சாவி வைக்கும் வங்கி தன் ஊழியரைத் திருடர் என்றா சொல்கிறது?

கெட்ட எண்ணமே இல்லாமலும் ஏடு அழியும். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர், துணைச் சர்வரில் அழிக்க நினைத்ததை இரவு நேரக் களைப்பில் முதன்மைச் சர்வரில் அழித்தார். சுமார் 300 கிகாபைட் போயிற்று. காப்பு நகலுக்கு ஏற்பாடுகள் ஐந்து இருந்தன. ஒன்றும் ஒழுங்காக இயங்கவில்லை! நகல் எடுப்பது தோற்றுப்போகிறது என்ற எச்சரிக்கைக் கடிதங்கள் யாரையும் அடையவே இல்லை. வேறு காரியத்துக்காக 6 மணி நேரத்துக்கு முன் கையால் எடுத்திருந்த ஒரு நகல்தான் காப்பாற்றியது. நடந்ததை அந்நிறுவனம் மறைக்காமல் உலகுக்கு எடுத்துச் சொன்னது, பாராட்ட வேண்டியது.

அவ்வளவு தூரம் போவானேன்? எனக்குத் தெரிந்த ஓர் ஆய்வுக்கூடத்தில் மூன்றாண்டு அளவீடுகள் இருந்த சர்வரின் கடவுச்சொல் ஒருவருக்கு மட்டுமே தெரியும். அவருக்கு வேலை கிடைத்தது, போய்விட்டார். கடவுச்சொல்லும் போயிற்று. ஒரு மாதம் தொலைபேசியில் கெஞ்சினார்கள்.

பெங்களூருக்குப் படிக்க வந்த தமிழ் மாணவர்களில் பலர் நாளை இந்த வேலைக்குத்தான் போகப்போகிறோம். ஆயினும் நம்மிடையே இதற்கு மதிப்பில்லை. "நிரல் எழுதத் தெரியாதவன் சர்வர் பார்த்துக்கொள்கிறான்" என்கிறார்கள். பாடத்திட்டமும் அப்படியே. காட் வகுத்த விதிகளை எழுதினால் மதிப்பெண் உண்டு. அழிந்த ஏட்டை மீட்கத் தெரியுமா என்று கேட்பாரில்லை. செய்முறைத் தேர்வில் ஒரே ஒரு கேள்வி சேர்க்கட்டும். மாணவரின் கண்முன்னே ஒரு தரவுத்தளத்தை அழித்துவிட்டு, நேற்றைய காப்பு நகலையும் இன்றைய நாள்வழியையும் கையில் கொடுத்து, "அழிவதற்கு முந்தைய நிமிடம் வரை மீட்டுக் காட்டு" என்று சொல்லட்டும். மூன்று மணி நேரம் போதும்.