முதலில் பழுது எங்கே என்று கேளுங்கள்



உங்கள் வீட்டு டார்ச் விளக்கு எரியவில்லை என்று வைத்துக்கொள்வோம். என்ன செய்வீர்கள்? முதலில் வேறு செல்களைப் போட்டுப் பார்ப்பீர்கள். அப்போதும் எரியாவிட்டால் பல்பைக் கழற்றிப் பார்ப்பீர்கள். செல், பல்பு, சுவிட்ச் மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால் விளக்கு எரியலாம். ஆனால் பழுது எதில் இருந்தது என்பது கடைசிவரை தெரியாது. டார்ச் விளக்குக்கு இவ்வளவு நிதானம் காட்டும் நாம், கணினியோடு இணைந்த கருவி ஒன்று மக்கர் செய்தால் மட்டும் நிதானத்தை இழந்துவிடுகிறோம். இந்தப் பழக்கத்தை விட்டுவிட வேண்டும் என்பது என் கருத்து.

சேர்வராயன் மலையில், ஏற்காட்டை அடுத்த தலைச்சோலையில் என் நண்பர் ஒருவர் வசிக்கிறார். சென்ற மழைக்காலத்தில் அவர் வீட்டுக்குப் போயிருந்தபோது, பத்தாம் வகுப்பில் படிக்கும் அவருடைய மகன் முகம் வாடி உட்கார்ந்திருந்தான். கணினி விளையாட்டுக்கென்றே செய்யப்பட்ட மவுஸ் ஒன்றை, ஓராண்டு சேர்த்த பணத்தில் அவன் வாங்கியிருந்தான். அதன் இடப் பொத்தானை ஒரு முறை அழுத்தினால், இரு முறை அழுத்தியதாகக் கணினி எடுத்துக்கொண்டது. டிரைவர் மென்பொருளை நீக்கி மறுபடியும் ஏற்றினான், அமைப்புகளையெல்லாம் மாற்றினான், கடைசியில் மவுஸின் ஃபர்ம்வேரையே புதுப்பிக்கத் தொடங்கினான். எல்லாம் ஒரே மாலையில்! பாதி வேலையில் மின்சாரம் போய்விட்டது. காற்றும் மழையும் சேர்ந்தால் மலையில் இது புதிதல்ல. மின்சாரம் திரும்பியபோது மவுஸ் அசையவே இல்லை. "கோளாறும் போச்சு, மவுஸும் போச்சு மாமா!" என்றான்.

ஃபர்ம்வேர் என்பது என்ன? மவுஸுக்குள் ஒரு சிறு கணினிச் சில்லு இருக்கிறது. எந்தப் பொத்தான் அழுந்தியது, மவுஸ் எவ்வளவு நகர்ந்தது என்பதைக் கணினிக்குச் சொல்வதற்காக, அந்தச் சில்லின் நினைவகத்தில் எழுதி வைக்கப்பட்ட ஆணைத் தொகுப்பே ஃபர்ம்வேர். புதுப்பிக்கும்போது பழைய ஆணைகள் அழிக்கப்பட்டுப் புதியவை எழுதப்படுகின்றன. நடுவில் மின்சாரம் நின்றால், பழையதும் இல்லை. புதியதும் முழுமையாக இல்லை. நல்ல வேளையாக, அந்த மவுஸில் இயக்கத்தைத் தொடங்கி வைக்கும் சிறு பகுதி மட்டும் அழியாமல் தனியே இருந்தது. கையேட்டில் கண்டபடி, குறிப்பிட்ட பொத்தான்களை அழுத்திக்கொண்டே கணினியில் இணைத்ததும், ஃபர்ம்வேரை மறுபடியும் ஏற்ற முடிந்தது. எல்லாக் கருவிகளிலும் இந்த வசதி இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். மவுஸ் பிழைத்துக்கொண்டது. இரட்டை அழுத்தமும் கூடவே திரும்பி வந்தது!

இனி டார்ச் விளக்கு முறைதான் என்று முடிவு செய்தோம். முதலில் மவுஸை அவன் அப்பாவின் மடிக்கணினியில் இணைத்தோம். அங்கும் அதே கோளாறு. ஆகவே பையனின் கணினியும் அதிலிருந்த டிரைவரும் குற்றமற்றவை. அடுத்து, மடிக்கணினியின் அமைப்பில் இடப் பொத்தானின் வேலையை வலப் பொத்தானுக்கு மாற்றிக் கொடுத்தோம். இப்போது அந்த வேலை ஒழுங்காக நடந்தது. ஒரு முறை அழுத்தினால் ஒரு முறைதான் பதிவாயிற்று. இரண்டு பொத்தான்களையும் கவனிப்பது ஒரே ஃபர்ம்வேர். அது வலப்பக்கம் சரியாக எண்ணி, இடப்பக்கம் மட்டும் தவறாக எண்ணுமா? ஆகவே சந்தேகம் இடப் பொத்தானின் அடியிலுள்ள சிறு சுவிட்சின் மேல் விழுந்தது. காசு செலவில்லை; பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

இதற்குக் காரணம் நீங்கள் அறிந்த இயற்பியல்தான். ரப்பர் பந்து தரையில் விழுந்தால் ஒரே துள்ளலில் நின்றுவிடுகிறதா? சுவிட்சுக்குள் இருக்கும் உலோகத் தகடும் அப்படியே. தொடுமுனையில் மோதியதும் சில மில்லி விநாடிகள் துள்ளுகிறது. துள்ளும் ஒவ்வொரு முறையும் சுற்று மூடித் திறக்கிறது. இந்தத் துள்ளலை ஓர் அழுத்தமாக எண்ணும்பொருட்டு, ஃபர்ம்வேர் சிறிது நேரம் காத்திருக்கிறது. தகடு தளர்ந்தாலோ, தொடுமுனை தேய்ந்து அழுக்கேறினாலோ, துள்ளல் அந்தக் காத்திருப்பு நேரத்தையும் தாண்டிவிடும். பிறகு ஒன்று இரண்டாகிறது. சில மவுஸ்களில் காத்திருப்பு நேரத்தைக் கூட்டும் வசதி உண்டு. அதனால் கோளாறு மறையும். ஆனால் தகடு மேலும் தளர்ந்தால் மீண்டும் தலைகாட்டும்.

அடுத்த வாரம் இருபது கொண்டை ஊசி வளைவுகளும் இறங்கிச் சேலத்துக்குப் போய், அதே அளவுள்ள சுவிட்ச் ஒன்றை வாங்கி வந்தான். சாலிடர் வைத்துப் பொருத்தியதும் மவுஸ் சரியாயிற்று.

"ஃபர்ம்வேரைப் புதுப்பிப்பதே தவறா?" என்று நீங்கள் கேட்கலாம். அவ்வாறன்று. உங்கள் கருவியிலுள்ள கோளாறைக் குறிப்பிட்டு, இதைத் திருத்தியிருக்கிறோம் என்று தயாரிப்பாளர் சொல்லியிருந்தால் தாராளமாகப் புதுப்பியுங்கள். ஆனால் புதியது என்பதாலேயே அது மருந்தாகிவிடாது. 2024 ஜூலை 19 அன்று, பாதுகாப்பு மென்பொருள் ஒன்றுக்கு வந்த பிழையான புதுப்பிப்பினால் உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கியதை நினைவில் கொள்ளுங்கள்.

பழுது இருக்கும் இடம் தெரிந்துவிட்டால், மென்பொருளால் ஆகும் அற்புதங்களும் உண்டு. 1977இல் ஏவப்பட்ட வாயேஜர் 1 விண்கலம், 2023 நவம்பரில் புரியாத செய்திகளை அனுப்பத் தொடங்கியது. அப்போது அது 2,400 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தது. ஒரு கட்டளை போய்ச் சேரவே இருபத்திரண்டரை மணி நேரம் ஆகும். பொறியாளர்கள் அவசரப்படவில்லை. 2024 மார்ச்சில் ஒரு கட்டளை அனுப்பி, நினைவகத்தில் உள்ளதைப் படித்தார்கள். ஒரு கணினியின் நினைவகத்தில் சுமார் 3 விழுக்காடு கெட்டுப்போயிருந்தது தெரிந்தது. அங்கிருந்த ஆணைகளைத் துண்டு துண்டாகப் பிரித்து, நல்ல இடங்களுக்கு மாற்றினார்கள். ஏப்ரல் 20 அன்று கலம் மீண்டும் தெளிவாகப் பேசியது. அங்கே சுவிட்சை மாற்ற ஆளில்லை. இங்கே சாலிடர் வைக்கக் கை இருந்தது. இரண்டிலும் முதல் கேள்வி ஒன்றுதான்: பழுது எங்கே?

பழுது பார்க்கும் உரிமைக்கென்று நம் நாட்டில் நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் ஓர் இணையதளம் தொடங்கியது. நல்ல செயல். ஆனால் உரிமை இருந்தால் மட்டும் போதுமா? பழுதைத் தேடும் பழக்கமும் வேண்டும். இல்லாவிட்டால் பத்து ரூபாய்ச் சுவிட்சுக்காக முழு மவுஸும் குப்பைக்குப் போகும். நகரத்துப் பையன் மறுநாளே வேறு வாங்கிவிடக்கூடும். மலைமேல் இருக்கும் மாணவன் இன்னோர் ஆண்டு பணம் சேர்க்க வேண்டும்.

ஆகவே நண்பர்களே, அடுத்த முறை உங்கள் கருவி மக்கர் செய்தால் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். என்ன மாற்றினீர்கள், என்ன நடந்தது என்று எழுதுங்கள். திரும்பப் பெற முடியாத வேலையைக் கடைசிக்கு வையுங்கள். ஆய்வுக்கூடத்தில் நீங்கள் செய்வதும் இதுதானே?